மலை வண்டியும் கோவர்த்தனனும்

கோவர்த்தனனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. திருத்தணியை அடுத்த நகரியில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். தெரு எது, அப்பா பெயர் என்ன என்பதெல்லாம் அப்புறம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது லேசான குறை இல்லை. தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாயும் வரை கை நூல் ஓட்டும் மர நாடாவைத் தள்ளிக்கொண்டும் கால் மிதியை அழுத்திக்கொண்டும் இருக்க, ஆள் மட்டும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இவன் நாலு விரற்கடை துணி நெய்வதற்குள் எழுந்து வாசலுக்குப் போவான். தண்ணீர் குடிப்பான். தெருவில் போகிற மாட்டுவண்டி எங்கே போகிறது என்று விசாரிப்பான். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த மிதியில் விட்டோம் என்பது மறந்து போயிருக்கும்.

புத்தூரில் பஸ் கிளீனராக இருந்து பார்த்தான். பஸ் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம் என்று விட்டுவிட்டான். ரேணிகுண்டாவில் மூட்டை தூக்கினான். வெற்றிலைக் கூடையோடு சந்தை சந்தையாக அலைந்தான். எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இந்த லட்சணத்தில் அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. பெண் கிருஷ்ணம்மா, தெருவிலேயே கைநேர்த்திக்குப் பெயரெடுத்த கன்னையாவின் ஒரே மகள். ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் பையன் அடங்குவான் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பெரியவர்கள் நினைப்பதற்கு என்ன செலவு?

கிருஷ்ணம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்காருகிற ரகம் இல்லை. கல்யாணமாகி இரண்டாவது வேலையையும் அவன் விட்டுவிட்டு வந்து நின்ற அன்று, சோற்றைப் போட்டு, அவன் தின்று முடிக்கிறவரை காத்திருந்து, பிறகு சொன்னாள்.

"நீங்க எங்கனா போய் இன்னா வேலனா செய்ங்க. நான் கேக்கல. ஆனா ஒரே வேலைல நின்னு காட்டுங்க. அன்னிக்கு நானே பொட்டியத் தூக்கினு வரேன். அதுவரைக்கும் எங்க நைனா ஊட்ட உட்டு நவுர மாட்டேன்."

சண்டையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். விலை சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையாலும் அவன் காலைக் கட்டிப்போட முடியவில்லை என்பதுதான் அவனுக்கே புரியாத அவமானம்.

ஆந்திர ராஷ்டிரம் பிறந்த மறு வருஷம் திருப்பதிக்கு மலை வண்டி வந்தது. கொண்டுவந்தவர் நாகபூஷணம், சித்தூர்க்காரர், டூரிங் கொட்டகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். அது யுத்தத்துக்கு முன்னால் மதராஸில் ஏதோ பொருட்காட்சிக்காக ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டியது. யுத்தம் வந்ததும் கம்பெனி கப்பலேறிவிட்டது. மரச்சட்டமும் தண்டவாளமும் இரண்டு வண்டிகளும் கிடங்கில் கிடந்து துரு ஏறின. ஏலத்தில் எடுத்த நாகபூஷணம், திருச்சானூர் சாலையோரம் ஒரு பொட்டலில் அதை மறுபடி நிற்க வைத்தார். சாமி பார்க்க வருகிற கூட்டம் எப்படியும் ஒரு பொழுது கீழே தங்கும். தங்குகிறவர்களுக்கு என்ன வேடிக்கை இருக்கிறது என்பது அவர் யோசனை.

இருபது முப்பது ஆள் உயரத்துக்கு எழும்பி நின்ற ஒரு மரமலை அது. எண்ணெய் என்ஜின் சங்கிலியை இழுக்க, வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறும். அங்கே சங்கிலி விட்டுவிடும். அப்புறம் யாரும் இழுக்க வேண்டாம். விழுந்தடித்துக்கொண்டு இறங்கும், அடுத்த மேட்டில் ஏறும், வளையும், மறுபடி விழும், கடைசியில் புறப்பட்ட மேடைக்கே வந்து சேரும். நாகபூஷணம் வாசலில் ஏதோ இங்கிலீஷ் பெயரை எழுதிவைத்தார். ஜனங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. தெலுங்குக்காரர்கள் கொண்டபண்டி என்றார்கள், தமிழர்கள் மலை வண்டி என்றார்கள். வண்டி முகப்பில் அவர் வரைந்துவைத்த கருடனுக்கு மட்டும் நல்ல மரியாதை. ஏறுமுன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

சாமான் இறக்குகிற கூலியாகத்தான் கோவர்த்தனன் அங்கே போனான். வண்டியின் பின்புறம் ஒரு பலகையும், பலகை பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கைப்பிடியும் இருந்ததைப் பார்த்தான். அங்கே ஓர் ஆள் நின்றுகொண்டே போக வேண்டும். கைப்பிடியை இழுத்தால் கீழே ஒரு வேலமரக் கட்டை தண்டவாளத்தைக் கவ்வும். வளைவில் கொஞ்சம் கவ்வ விட வேண்டும், மேடை வரும்போது நன்றாகக் கவ்வ விட வேண்டும். அதுதான் பிரேக். மதராஸிலிருந்து அந்த வேலைக்கென்று வந்த ஆள் ஒரு வாரம் வாந்தியெடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறினான்.

"ஏமய்யா, நீ நிலபடுதாவா?" என்று நாகபூஷணம் கேட்டார். நிற்பாயா என்று கேட்டது வண்டியில் நிற்பதைப் பற்றித்தான். கோவர்த்தனனுக்குக் கிருஷ்ணம்மா கேட்டதுபோல இருந்தது. "நிக்கறேன் சாமி" என்றான்.

நின்றான். நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஓடிக்கொண்டிருக்கிற வேலை உலகத்தில் ஒன்று இருக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? காலையில் முதல் சுற்று வெறும் வண்டியாக விட வேண்டும். தண்டவாளம் சரியாக இருக்கிறதா, கட்டை கவ்வுகிறதா என்று பார்ப்பதற்கு. அந்தச் சுற்றில் அவன் மட்டும் தனியாகப் போவான். உச்சியில் சங்கிலி விடும் நொடியில் ஏழுமலையும் எதிரே நிற்கும். அப்புறம் கூட்டம் வரும். மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஏறி உட்கார்ந்து, வண்டி விழத் தொடங்கியதும் மொத்தப் பேரும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று அலறுவார்கள். மலையேற முடியாத வயசானவர்கள் சிலர், இதில் ஒரு சுற்று போனால் பாதி புண்ணியமாவது வரும் என்று கையைக் கூப்பிக்கொண்டு ஏறினார்கள். இறங்கும்போது முழுப் புண்ணியமும் வந்துவிட்டது போலத்தான் இருக்கும் முகம்.

ஒரு மழைக்காலம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நகரியில் யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து திங்கள் காலை அவன் பஸ்ஸில் வந்து இறங்கினால் மாமனார் கன்னையா தறியை விட்டுத் தலை தூக்காமலே கேட்பார்.

"இன்னா மாப்ளே, வண்டி உங்கள உட்டுச்சா, நீங்க வண்டிய உட்டீங்களா?"

"ரெண்டும் இல்ல மாமா."

"ஏறி எறங்கி, ஏறி எறங்கி, கடைசில பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு ஒரு சம்பளம். ம்."

கிருஷ்ணம்மா பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு வருகைக்கும் அவள் குழம்பில் அக்கறை கூடிக்கொண்டு வந்ததை அவன் கவனித்தான். மீன் வாங்கி வைத்திருப்பாள். கிளம்பும்போது கட்டுச்சோறு கட்டித் தருவாள். பெட்டியை மட்டும் தூக்கவில்லை.

அந்த வருஷங்களில் சித்தூர் ஜில்லாவே நிலைகொள்ளாமல்தான் இருந்தது. திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி மதராஸுக்கா ஆந்திராவுக்கா என்று ஊர்வலம், கடையடைப்பு, மறியல். பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒரு நாள் தமிழ் இருக்கும், மறுநாள் தார் இருக்கும். பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. கோவர்த்தனன் சிரித்துக்கொள்வான். இத்தனை பெரிய ஜில்லாவுக்கே எங்கே உட்காருவதென்று தெரியவில்லை, என்னை மட்டும் எல்லாரும் ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. மாமனாருக்குச் சிரிப்பு வராது.

கடைசியில் எல்லை தீர்ந்துவிட்டது, திருத்தணி மதராஸ் பக்கம், நகரி ஆந்திரா பக்கம் என்று பேச்சு வந்த வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னால், கிருஷ்ணம்மா சொன்னாள்.

"பூஜைக்கு நான் திருப்பதி வரேன். உங்க வண்டிய ஒரு தபா ஏறிப் பாக்கறேன்."

அவன் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. "பொட்டியோடவா?"

"பொட்டியோடதான். ஏறிப் பாத்துட்டு இருக்கறதா திரும்பறதான்னு சொல்றேன்."

அதற்கப்புறம் அவனுக்கு ராத்தூக்கம் போயிற்று. திருச்சானூர் சாலையில் ஓர் அறை பார்த்து வைத்தான். பானை, முறம், அம்மி எல்லாம் வாங்கிப் போட்டான். என்ஜின்காரர் ரங்கையா இதைப் பார்த்துவிட்டு, தறிக்குழிக்குப் பயந்து ஓடிவந்தவன் குடும்பக்குழிக்குள் தானே குதிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பூஜையன்று சாயங்காலம் வண்டிகளைக் கழுவி, என்ஜினுக்கு மாலை போட்டு, தூணுக்குத் தூண் மாவிலை கட்டினார்கள். பச்சைப் புடவையில் வந்த கிருஷ்ணம்மா மரமலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து கேட்டாள்.

"இதுல உங்க கையி புடிக்கறது எது?"

காட்டினான். கைப்பிடியைத் தொட்டுக்காட்டினான். குனிந்து, கீழே தண்டவாளத்தை ஒட்டி இருந்த வேலங்கட்டையைக் காட்டினான். "எல்லாரும் என்ஜினப் பாத்துட்டுப் போயிடுவாங்க. இந்தக் கட்ட ஒண்டிதான் வண்டிய நிறுத்தறது" என்றான். அவன் குரலில் இருந்த பெருமையை அவள் முதல்முதலாகக் கேட்டாள்.

நாகபூஷணம் கூப்பிட்டார் என்று அவன் போனான். திரும்பி வந்தபோது கைப்பிடிக்கும் கட்டைக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சுற்றியிருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அந்தக் கட்டைக்குப் பூ வைத்ததில்லை.

அவன் நெசவுக்காரன் மகன். ஆயுத பூஜைக்கு நகரித் தெருவில் என்ன செய்வார்கள் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. நாடாவைக் கழுவித் துடைத்து, மரம் குடிக்கும்வரை ஆமணக்கெண்ணெய் தடவி, ஊறவிட்டு, அதன்மேல்தான் மஞ்சளும் பொட்டும். எண்ணெய் தடவாத ஆயுதத்துக்குப் பூஜை இல்லை. தறியில் எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓட வேண்டியவை, அதனால் அங்கே அது சரி. கிருஷ்ணம்மா தனக்குத் தெரிந்த மரியாதையை, குறை வைக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்து எண்ணெயோடு செய்துவிட்டாள். மேலே தெரிந்த மஞ்சளைப் பார்த்தவனுக்கு அடியில் இருப்பது தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிற ஆளுக்கு எது தோன்றுகிறது?

மறுநாள் விஜயதசமி. வழக்கப்படி வெறும் வண்டி ஒரு சுற்று போக வேண்டும். நாகபூஷணம் தடுத்தார்.

"ஈரோஜு வெறும் பண்டி போகக்கூடாதப்பா. தசமியன்னைக்கு முதல் நடை காலியா போனா வருஷம் பூரா காலிதான். உன் சம்சாரம் சுமங்கலி, முன்னால உக்காரட்டும். மொதல் பண்டி நிறைஞ்சு போகட்டும்."

கோவர்த்தனன் ஒரு நிமிஷம் தயங்கினான். கட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். பூவும் பொட்டுமாக இருந்ததைத் தொட்டுக் கலைக்க மனசு வரவில்லை. கிருஷ்ணம்மா கருடனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் மொட்டைத் தலைகள் நிறைந்தன. அவர்களோடு சித்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வரதராஜன் என்பவரும் பட்டு அங்கவஸ்திரத்தோடு ஏறினார்.

ரங்கையா என்ஜினைத் தட்டினார். வண்டி ஏறியது. பின்னால் நின்ற கோவர்த்தனனுக்கு அவள் பின்னங்கொண்டை மட்டும் தெரிந்தது; கொண்டையில் அதே சாமந்தி. உச்சியில் சங்கிலி விட்டது. "கோவிந்தா!" என்று வண்டி விழுந்தது. முதல் வளைவு வந்ததும் வழக்கம்போல இலேசாக இழுத்தான். கைப்பிடி வந்தது. வண்டி கேட்கவில்லை.

இன்னும் இழுத்தான். இரண்டு கையாலும், பலகையில் காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தான். கட்டை தண்டவாளத்தைத் தொட்டது, வழுக்கியது. காற்றோடு ஓர் ஆமணக்கெண்ணெய் வாடை அவன் மூக்கில் ஏறியது. அந்த வாடை வந்த உடனே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோசனம்? வண்டி இரண்டாவது மேட்டைத் தாவி, கடைசி இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரேய், பிரேக் பட்டுரா! பட்டுரா!" என்று, பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மேடையிலிருந்து ரங்கையா கத்தினார். மேடை பக்கவாட்டில் ஓடிப்போயிற்று. வரதராஜனுக்கு என்ன தோன்றியதோ, மேடையைக் கண்டதும் அங்கவஸ்திரத்தோடு எட்டிக் குதித்தார். விழுந்த சத்தம் கேட்டது. வண்டி நிற்காமல் சங்கிலி ஏற்றத்தில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, பின்னாலேயே உருண்டது. மேடையைத் தாண்டிக் கடைசி மேட்டில் ஏறியது, மறுபடி முன்னால் வந்தது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், தொட்டிலை ஆட்டிவிட்டதுபோல. முன் இருக்கையிலிருந்து கிருஷ்ணம்மாவின் குரல் வீறிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வீறிடலுக்கும் அவன் கைப்பிடியை மறுபடி இழுத்தான். தானாக வேகம் குறைந்து, வண்டி ஒருவழியாக மேடைக்குப் பக்கத்தில் நின்றது.

வரதராஜனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, சில மொட்டைத் தலைகள் இன்னொரு சுற்று கேட்டன. கோவர்த்தனன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டான். கிருஷ்ணம்மா வெளுத்த முகத்தோடு அடிபட்டவரைப் பார்த்து நின்றாள். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பயந்துபோய்விட்டாள் என்று நினைத்தான். அன்று மாலை பஸ்ஸிலேயே அவளைப் பெட்டியோடு நகரிக்கு ஏற்றிவிட்டான். என்ஜின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னான்.

விசாரணை என்று ஒருவர் வந்தார். கட்டையில் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டார்.

"நான்தான் போட்டேன் சார். கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் வந்துகினு இருந்துச்சி."

"பிரேக்குக்கு எண்ணெய் போடக்கூடாதென்று தெரியாதா?"

"தெரியும் சார். புத்தி கெட்டுப் போச்சி."

நாகபூஷணம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கட்டையில் காய்ந்திருந்த குங்குமத்தை அவரும் பார்த்தார். எந்தப் பிரேக்குக்காரன் பிரேக்குக்குப் பொட்டு வைப்பான்? ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஓட அனுமதி போயிற்று. திரும்பக் கேட்டு நடையாய் நடந்து அலுத்த நாகபூஷணம், வெயில் காலம் வந்ததும் மொத்தத்தையும் அரக்கோணத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டார். மலை வண்டியின் சரித்திரம் இவ்வளவுதான். கட்டியவர்களுக்கும் அதை வைத்துப் பிழைத்தவர்களுக்கும் கோவிந்தா என்று சொல்லிவிட்டுப் போனது.

கோவர்த்தனன் நகரிக்கு வந்தான். யாரும் சொல்லாமல் தானாகவே மாமனார் வீட்டில் சும்மா கிடந்த தறியில் போய் உட்கார்ந்தான். அவளைக் கொல்லப் பார்த்தவன் என்று தன்னை நினைத்துக்கொண்டான். இனி அவளிடம் எதையும் கேட்க வாயில்லை. அவள் முதலில் கேட்டதையாவது கொடுத்துவிடலாம். காலையில் குழியில் காலை இறக்கினால் விளக்கு வைக்கும் வரை எழமாட்டான். தண்ணீருக்கும் எழுவதில்லை. தெருவில் மேளமே போனாலும் தலை திரும்பாது. கன்னையாவுக்கு வாயெல்லாம் பல். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு மருமகனைக் காட்டினார்.

துணி நன்றாகத்தான் வந்தது. ஆனால் இராத்திரி அவன் தூக்கத்தில் கால் உதறிக்கொண்டே இருக்கும். கை எதையோ பிடித்துப் பின்னால் இழுக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் கிருஷ்ணம்மா விழித்துக்கொண்டு பார்ப்பாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்காரு என்று கேட்டவள் அவள்தானே. இப்போது எந்த முகத்தோடு எழுந்திரு என்பாள்? வீட்டுக்குள் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. ராட்டையில் உட்கார்ந்தால் அடுப்படிக்குப் போவாள், அடுப்படியிலிருந்து வாசலுக்கு. "உனக்கு இன்னாம்மா ஆச்சி, மாப்ளைக்கு இருந்த வியாதி உனக்கு ஒட்டிக்கிச்சா?" என்று கன்னையா கேட்டார்.

நடுவில் ரங்கையா ஒரு நாள் வந்தார். காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்திக்கு நாகபூஷணம் பெரிய ராட்டினம் போடுகிறார், அப்புறம் ஊர் ஊராக, திருவிழா திருவிழாவாகப் போகப் போகிறார், உன்னைத்தான் கேட்கிறார் என்றார். "இல்லண்ணா, நான் நின்னது போதும்" என்று கோவர்த்தனன் நாடாவைத் தள்ளினான். வாசலில் நின்று கிருஷ்ணம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனார்கள், புருஷனும் பெண்சாதியுமாக. இத்தனை வருஷம் பக்கத்து ஊராக இருந்தது இப்போது வேறு ராஜ்யம். நகரியைத் தாண்டிப் புதிதாக ஒரு செக்போஸ்ட் வைத்து மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். போகும்போது கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது திருப்பதி பஸ் செக்போஸ்டில் நின்றது. மூட்டை முடிச்சைப் பார்க்கிறார்கள், நேரமாகும் என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

புளியமரத்தடியில் கருடன் உட்கார்ந்திருந்தது.

மழையில் சாயம் போய், மூக்கு நுனி உடைந்து, ஆனால் அதே கருடன். அரக்கோணத்து வியாபாரியின் லாரி வந்த அன்று, செக்போஸ்டுக்காரர்கள் தண்டவாளத்தைப் பார்த்து ரயில்வே திருட்டா என்று சந்தேகப்பட்டு, அப்புறம் அதை விட்டுவிட்டார்களாம். வண்டிதான் சிக்கலாகிப் போயிற்று. சக்கரம் இருப்பதால் சரக்கு இல்லை, நம்பர் இல்லாததால் வாகனம் இல்லை. எந்தக் கணக்கில் எல்லை தாண்டவிடுவது? மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் வரும்வரை புளியமரத்தடி. டீ விற்கிறவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கோவர்த்தனனுக்கு அது அங்கே கிடப்பது முன்பே காதில் விழுந்திருந்தது. பார்க்க வரவில்லை, அவ்வளவுதான். இப்போதும் பஸ் நிழலிலேயே நின்றான்.

கிருஷ்ணம்மா நேராக வண்டியிடம் போனாள். கருடனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் பின்பக்கம் போய்க் குந்தினாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை என்று அவன் பக்கத்தில் போனான். அவள் கை அந்த வேலங்கட்டையின்மேல் இருந்தது. காய்ந்த மஞ்சள் வெடிப்பு வெடிப்பாக அப்படியே ஒட்டியிருந்தது. மழை படாத அடிப்பக்கம் கறுத்து, இன்னும் பிசுபிசுத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

"இது நான் பூசன எண்ண" என்றாள்.

அவன் பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இதனாலதான் நிக்கலையா?"

"எழுந்திரு. பஸ்ஸு கெளம்பிடும்."

"கேக்கறேன் இல்ல? இதனாலதான் அந்தாளு கால் ஒடைஞ்சுதா? இதனாலதான் வண்டியே போச்சா? தப்பு என்னுதுன்னு நீங்க சொன்னீங்களாமே, ரங்கையா சொன்னாரு. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவப்போவுது? நீ பயந்து கத்தனது எனக்குக் கேட்டுச்சே. அது போதாதா? ஆசையா பூ வச்சவளப் போயி, நீதான் கொல்லப் பாத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

கிருஷ்ணம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கேயோ கோணியது.

"நான் எங்கயா பயந்தேன்?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'யா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "வண்டி முன்னாலயும் பின்னாலயும் போச்சே, நீங்க எனக்குன்னு ஆட்டி உடறீங்கன்னு நெனச்சேன். பொண்டாட்டி மொத தபா ஏறியிருக்கா, இன்னம் கொஞ்சம் ஆடட்டும்னு. நான் சிரிச்சி சிரிச்சி கத்தினு இருந்தேன். அப்பால எறங்கிப் பாத்தா அந்தாளு கீழ கெடக்கறாரு. ஐயோ, எனக்காவ ஆட்டப்போய் இந்த மனுசன் பேரக் கெடுத்துக்கினாரே, பொழப்பக் கெடுத்துக்கினாரேன்னு, உங்க மூஞ்சப் பாக்க முடியல எனக்கு. இன்னிக்கு வரைக்கும் முடியல."

கோவர்த்தனன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தசமியன்று பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது அவள் திரும்பிப் பார்க்காததும், அப்புறம் வீட்டில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே சோறு போட்டதும் வரிசையாக வந்து நின்றன. இத்தனை மாசம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இவன் குற்றத்தை இவனும் அவள் குற்றத்தை அவளுமாக வைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். அவனுக்குத் தன்மேலும் அவள்மேலும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. கோபம் வந்தவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"அன்னிக்கு எறங்கி இன்னா சொல்லணும்னு இருந்த? இருக்கறதா, திரும்பறதா?"

"அதுவும் தெரியலையா?" என்று அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கட்டையிலிருந்த மஞ்சள் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அவன் சொல்லவில்லை.

கண்டக்டர் விசிலடித்தார். ஏறினார்கள். சன்னலோரத்தில் அவளும் பக்கத்தில் அவனுமாக இடம் கிடைத்தது. மூங்கில் உயர்ந்தது. பஸ் நகரி ஊருக்குள் நுழைந்து, தெரிந்த கடைகள், தெரிந்த முகங்கள் எல்லாம் வந்தன. நெசவுத் தெருமுனையில் நின்றது.

"நகரி! நகரி எறங்கறவங்க வாங்க!"

கோவர்த்தனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். கிருஷ்ணம்மா துண்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நகரிக்குத்தான டிக்கெட்டு?" என்றான்.

"திருப்பதிக்கு மாத்திக்கலாம். நாகபூஷணம் சாமி இன்னம் காணிப்பாக்கம் போயிருக்க மாட்டாரு. நைனாவுக்கு நாளைக்கு ரங்கையாகிட்ட சொல்லி அனுப்பிக்கலாம்."

"பொட்டி?"

"பொட்டி கெடக்குது."

பின்னால் இறங்குகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் நடைவழியில் நின்றான். ஒரு கால் படிப் பக்கம், ஒரு கால் அவள் பக்கம்.

"உக்காருங்க" என்றாள் கிருஷ்ணம்மா.

பஸ் கிளம்பியது. கோவர்த்தனன் உட்கார்ந்தான்.